முழுசாகப் பூத்த தோட்டம் யாருக்கு அழகு? தருமபுரியில் ஒரு செல்போன் கேமரா பயணம்

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், தொப்பூர் கணவாய் ஏறி முடிந்ததும் காரில் இருக்கும் குழந்தைகள்தான் முதலில் பார்ப்பார்கள். "அப்பா, அங்க பாருங்க... மஞ்சள் மஞ்சளா!" வண்டி ஓரம் கட்டப்படும். ஆளுக்கொரு செல்போன் வெளியே வரும். சாலையோர வரப்பில் இறங்கி, செண்டுமல்லிக்கு நடுவில் நின்று, ஐந்து நிமிடத்தில் ஐம்பது படம். அப்புறம் வண்டி கிளம்பிவிடும்.

தருமபுரி மாவட்டத்தில் இப்படி நின்று படம் எடுக்க நூறு இடங்கள் உண்டு. தொப்பூர், நல்லம்பள்ளி, பாலக்கோடு, காரிமங்கலம், பாப்பாரப்பட்டி, பென்னாகரம், கடத்தூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு பூ வயல் கண்ணில் படும். ஊட்டி, கொடைக்கானல் பூங்காக்களைப் போல இங்கே நுழைவுச்சீட்டு இல்லை, வாசல் கதவு இல்லை, 'பூக்களைத் தொடாதீர்' பலகையும் இல்லை. இவை ஒரு குடும்பம் சோறு சாப்பிடுவதற்காகப் பயிர் வைத்த வயல்கள்.

அதனால் இங்கே படம் எடுக்கப் போகிறவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கண்ணுக்கெட்டிய தூரம் பூத்துக் குலுங்கி, ஒரு பூகூடப் பறிக்கப்படாமல் நிற்கும் தோட்டம் நம் கேமராவுக்குக் கொண்டாட்டம். பயிர் வைத்தவருக்கு அது பெரும்பாலும் கெட்ட செய்தி. எப்படி என்று ஒவ்வொரு பூவாகப் பார்க்கலாம்.

எந்த மாதத்தில் என்ன பூ?

நம் கணக்குப்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆனால் தருமபுரியில் பூக்காலம் அதற்கு முன்பே தொடங்கிவிடும்.

மார்கழி, தையில் சாமந்திதான் ராணி. இரவு நீளமாக இருந்தால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். அதனால் ஆடி வாக்கில் நட்ட செடி ஐப்பசியில் தொடங்கி பொங்கல் வரைக்கும் பூத்துத் தள்ளும். மாசி பிறந்து பகல் நீள ஆரம்பித்ததும் சாமந்தியின் ஆட்டம் குறையும். அந்த இடத்தைக் குண்டுமல்லி பிடித்துக்கொள்ளும்.

மல்லிச் செடியைக் கார்த்திகை வாக்கில் கவாத்து செய்வார்கள். இடுப்பு உயரம்கூட இல்லாமல் வெட்டி விட்ட செடி, குளிர் முழுக்கத் துளிர் விட்டு, பங்குனியில் மொட்டு கட்ட ஆரம்பிக்கும். சித்திரை, வைகாசி அதன் உச்சம். வெயில் ஏற ஏற மல்லி கூடும். ஊரே புழுங்கும்போது மல்லித் தோட்டம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்கும்.

செண்டுமல்லி, சம்பங்கி, கனகாம்பரம், அரளி, கோழிக்கொண்டை, பட்டன் ரோஸ் எல்லாம் தண்ணீர் இருக்கும் வரை வருடம் முழுவதும் கிடைக்கும். இவற்றில் செண்டுமல்லிக்கும் சம்பங்கிக்கும் பூர்வீகம் மெக்சிகோ என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். கோயில், கல்யாணம், சாவு என்று நம் வீட்டின் எல்லா நாளிலும் இருக்கும் பூக்கள் கடல் கடந்து வந்தவை. கனகாம்பரம்தான் அசல் நம் ஊர்க்காரி.

தருமபுரிக்கு இது புதிதும் இல்லை. அந்தக் காலத்துத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இங்கே ஆண்ட அதியமானின் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். வெளியிலிருந்து வந்த பயிரைத் தன் பயிராக்கிக்கொள்வது இந்த ஊருக்குப் பழைய பழக்கம்.

விடியும் முன் மல்லித் தோட்டம்

குண்டுமல்லியைப் படம் எடுக்க விரும்பினால் காலை எட்டு மணிக்குப் போய்ப் பயனில்லை. அதற்குள் தோட்டம் பச்சையாகிவிட்டிருக்கும்.

மல்லி மாலையில் மலரும் பூ. அது மலரும் நேரத்தில் யாருடைய தலையிலாவது, சாமி கழுத்திலாவது இருக்க வேண்டும். அதனால் நன்றாகப் பருத்த மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். இன்னும் இருட்டு பிரியாத நேரத்தில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகச் செடிக்குள் இறங்குவார்கள். சேலைக்கு மேல் ஒரு பழைய முழுக்கைச் சட்டை. இடுப்பில் மடி கட்டிய துணி. இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்யும். நாளைக்கு மலரப்போகிற மொட்டு எது, இன்றைக்கு மலரும் மொட்டு எது என்று அந்த அரை இருட்டில் விரலே கண்டுபிடிக்கும். ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கான மொட்டுகளைக் கிள்ள வேண்டும்.

ஒரு மொட்டு தவறிச் செடியிலேயே தங்கிவிட்டால் மாலையில் அழகாக மலரும், மணக்கும், மறுநாள் வாடி உதிரும். அந்த மலர்ந்த மல்லியைப் பூக்காரர் வாங்க மாட்டார். கட்டினால் நிற்காது. ஆகவே நன்கு பராமரிக்கிற மல்லித் தோட்டத்தில் மலர்ந்த மல்லியைக் காண்பதே அரிது. முழுக்க வெள்ளையாக மலர்ந்து நிற்கும் மல்லித் தோட்டம் தென்பட்டால், அன்று பறிக்க ஆள் வரவில்லை, அல்லது பறித்து அனுப்பும் செலவுக்குக்கூட விலை இல்லை என்று அர்த்தம்.

மல்லியின் விலை ஒரு விசித்திரம். பனிக்காலத்தில் செடியில் மொட்டே இருக்காது. அப்போது முகூர்த்த நாள் வந்தால் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிப் போகும். வெயில் காலத்தில் மொட்டு கொட்டும். விலை சில நூறுக்கு இறங்கிவிடும். நாம் படம் எடுக்க நல்ல நேரம், விற்பவருக்குச் சுமாரான நேரம்.

இங்கே கேமராவுக்கு நல்ல நேரம் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை. வானம் நீலமாக, நெற்றி விளக்குகள் மஞ்சளாக, நடுவில் வெள்ளை மொட்டுகள். ஃபிளாஷ் போடாதீர்கள். இருட்டில் வேலை செய்கிறவர்களின் கண்ணைக் கூசச் செய்யும், படமும் தட்டையாக வரும். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று முதலில் கேளுங்கள். "எடுத்துக்கோ கண்ணு, செடிய மட்டும் மிதிச்சுடாத" என்ற பதில் பெரும்பாலும் கிடைத்துவிடும். சிலர் வேண்டாம் என்பார்கள். முகம் தெரியாமல் கைகளை மட்டும் எடுத்தாலும் கேட்டுவிட்டே எடுங்கள். அந்தக் கைகளின் படம்தான் பல நேரம் நன்றாக வரும்.

மஞ்சள் வயலின் கணக்கு

செண்டுமல்லி வேறு ரகம். அது மலர்ந்த பிறகுதான் பறிக்கும் பூ. நட்டு இரண்டு மாதத்தில் பூக்க ஆரம்பித்து, சில நாளைக்கு ஒரு முறை பறித்துக்கொண்டே இருக்கலாம். காரில் போகிறவர்களை நிறுத்துவது பெரும்பாலும் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆள் அரை நாளில் 30 கிலோ பறிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 40 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். பறிகூலி, சாக்கு, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாம் போக ஏதோ மிஞ்சும். அதே பூ கிலோ 10 ரூபாய்க்கு இறங்கினால் மொத்தமே 300 ரூபாய். அது கூலிக்கே காணாது. செண்டுமல்லி 10 ரூபாய்க்கும் கீழே போகிற நாட்கள் அபூர்வம் இல்லை. அப்படிப்பட்ட வாரத்தில் பயிர் வைத்தவர் செய்யக்கூடியது ஒன்றுதான். பறிக்காமல் விட்டுவிடுவார். பூ செடியிலேயே நின்று முற்றும். மறுபடி விலை வருமா என்று காத்திருந்து, வராது என்று தெரிந்தால் ஏர் ஓட்டி மடக்கிவிடுவார்.

நெடுஞ்சாலையில் நாம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் அந்த 'மஞ்சள் கடல்' சில நேரம் இந்தக் காத்திருக்கும் வயலாக இருக்கும்.

2020-ம் ஆண்டு பங்குனியை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. கோயில்கள் பக்தர்களுக்கு மூடப்பட்டன, கல்யாணங்கள் வீட்டுக்குள் சுருங்கின, பேருந்து இல்லை. செடிகளுக்கு மட்டும் ஊரடங்கு தெரியவில்லை. தமிழ்நாட்டின் பூ விவசாயிகள் எல்லோரும் தோட்டம் நிறையப் பூவை வைத்துக்கொண்டு நின்றார்கள். பறித்து வரப்பில் கொட்டியவர்கள் உண்டு, மாட்டை அவிழ்த்துவிட்டு மேயவிட்டவர்கள் உண்டு. படம் எடுக்க அதைவிடப் பூ நிறைந்த இளவேனில் கிடைத்திருக்காது. அந்த நிறைவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை அந்த விவசாயிகள்தான் அறிவார்கள்.

அதனால் இப்போதெல்லாம் பாதி பறித்து, பாதி மீதமிருக்கும் வயலைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் மஞ்சள், நடுவில் குனிந்து நகரும் நாலைந்து பேர், வரப்பில் வாய் கட்டாத சாக்கு. படமாகவும் அது நன்றாக இருக்கும். கண்ணுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் கிடைக்கும், வயலின் அளவு புரியும், அன்றைக்கு விலை இருக்கிறது என்ற செய்தியும் அதில் இருக்கும்.

பறிக்கவே கூடாத பூக்கள்

தருமபுரியின் இளவேனிலில் யாரும் பறிக்காத பூக்களும் உண்டு. முதலில் மாம்பூ. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் மாம்பழத்துக்குப் பெயர் வாங்கிய மாவட்டங்கள். காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் தை, மாசியில் போனால் மாந்தோப்பு முழுக்க இளமஞ்சளும் பழுப்பும் கலந்த கொத்துகள். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும். காயாகித் தங்குவது ஒன்றோ இரண்டோதான். ஆகவே கிளையை வளைத்து, உலுக்கி, தலைமேல் பூ உதிர்வதை வீடியோ எடுப்பது வேண்டாம். உதிர்வது பழம்.

அடுத்தது காபிப்பூ. தருமபுரி நகரிலிருந்து பார்த்தால் தெரியும் வத்தல்மலையில் காபியும் மிளகும் விளைகின்றன. பங்குனி, சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தால் போதும். ஏறக்குறைய பத்து நாளில் காபிச் செடிகள் கிளை நெடுக வெள்ளையாகப் பூத்துவிடும். வாசனை கிட்டத்தட்ட மல்லி வாசனை. மூன்று நான்கு நாள்தான், அப்புறம் பழுப்பாகிவிடும். மழை எப்போது பெய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால் இதற்குத் தேதி குறித்துப் போக முடியாது. கோடை மழைச் செய்தி பார்த்தால் நாளை எண்ண ஆரம்பியுங்கள். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். படம் எடுக்க வளைவில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது, சாலையோர மரங்கள். பங்குனியில் புங்கன் ஒரே வாரத்தில் இளம்பச்சைத் தளிர் போர்த்திக்கொள்ளும். வேப்பம்பூ உதிர்ந்து மண்ணெல்லாம் பொரி இறைத்தது போல இருக்கும். இந்த மாவட்டத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நிறைய. யுகாதிப் பச்சடிக்கு வேப்பம்பூ சேகரிக்கும் காட்சியை அந்த வாரம் பல தெருக்களில் பார்க்கலாம். சித்திரையில் சரக்கொன்றை. வைகாசி வாக்கில் புளியமரத்தை அண்ணாந்து பாருங்கள். தூரத்தில் தெரியவே தெரியாத சின்னப் பூ, கிட்டே போனால் மஞ்சளில் சிவப்பு நரம்பு ஓடியிருக்கும். செல்போனில் 'மேக்ரோ' வசதி இருந்தால் அதை முதலில் சோதிக்க வேண்டியது புளியம்பூவில்தான்.

பூ மார்க்கெட்: ஒரே இடத்தில் எல்லா நிறமும்

தோட்டம் தோட்டமாக அலைய நேரமில்லாதவர்கள் தருமபுரி பேருந்து நிலையப் பகுதியில் இருக்கும் பூ மார்க்கெட்டுக்குப் போகலாம். அதிகாலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்திலும் மொபெட்டிலும் மூட்டைகள் வந்து இறங்கும். சாமந்திக் குவியல், அரளி மூட்டை, ஈரத்துணி போர்த்திய கனகாம்பரம், பக்கத்தில் தராசு. விலை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். முகூர்த்த நாளுக்கு முந்தைய காலை போனால் கால் வைக்க இடம் இருக்காது. முகூர்த்தமே இல்லாத மார்கழி நாளில் போனால் அதே வியாபாரிகள் பேச நேரத்தோடு இருப்பார்கள்.

இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். தராசுக்கும் பேரத்துக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள், அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் அன்றைய வருமானம். அடுத்து, படம் எடுத்தவுடன் கிளம்பிவிடாமல் கால் கிலோ உதிரிப்பூவாவது வாங்குங்கள். வீட்டில் கட்டிக்கொள்ளலாம், வழியில் கோயிலுக்கும் கொடுக்கலாம். அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் சேலம் போகும் வழியில்தான் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமி நாளில் சாம்பல் பூசணியில் தீபம் ஏற்றும் கூட்டம் அங்கே நிரம்பி வழியும்.

மற்ற ஊர்களில் நடந்தது

படம் எடுக்க வருகிறவர்களும் பயிர் வைத்தவர்களும் முட்டிக்கொள்வது தருமபுரியில் மட்டும் இல்லை. தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி மாதம் சூரியகாந்தி பூக்கும்போது கேரளாவிலிருந்தும் மக்கள் வந்து குவிகிறார்கள். மைசூரு – ஊட்டி சாலையில் குண்டலுப்பேட்டை வயல்களில் செடியை மிதிக்கும் கூட்டம் தாங்காமல் சில விவசாயிகள் படம் எடுக்கக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அது நியாயம்தான். விதைக்காகப் போட்ட சூரியகாந்தியில் ஒரு தலையை ஒடித்தால் அது விளைச்சலில் குறையும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற சின்ன ஊர். 2019 மார்ச்சில் அங்குள்ள மலையடிவாரத்தில் காட்டுப் பாப்பிப் பூக்கள் ஆரஞ்சு நிறத்தில் போர்த்தியது போலப் பூத்தன. இன்ஸ்டாகிராமில் படங்கள் பரவ, சாலை தாங்காத கூட்டம் வந்தது. பூவின் மேல் படுத்துப் படம் எடுத்தார்கள். நகர நிர்வாகம் வழியை அடைக்க வேண்டியதாயிற்று. 2023-ல் மறுபடி பூத்தபோது முன்கூட்டியே யாரையும் விடாமல் மூடிவிட்டார்கள்.

நெதர்லாந்தில் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே கியூகன்ஹாஃப் பூங்காவில் 70 லட்சம் கிழங்குகள் நட்டு, மார்ச் நடுவிலிருந்து எட்டு வாரம் மட்டும் திறந்து வைக்கிறார்கள். அது பார்ப்பதற்கென்றே வளர்ப்பது. ஆனால் சுற்றியுள்ள துலிப் வயல்கள் விவசாயிகளுடையவை. அவர்கள் விற்பது பூவை அல்ல, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கை. கிழங்கு பருக்க வேண்டும் என்பதற்காக, வயல் முழுக்க மலர்ந்து அழகாக இருக்கும் நேரத்தில் இயந்திரத்தை ஓட்டிப் பூத்தலைகளை எல்லாம் வெட்டித் தள்ளிவிடுவார்கள். விமானத்தில் வந்து இறங்கிய பயணிக்கு மனசு பதறும். விவசாயிக்கு அதுதான் நல்ல நாள். நம் மல்லிக்காரருக்கும் அவருக்கும் மொழி வேறு, கணக்கு ஒன்று.

செல்போனில் நல்ல படம்: சில குறிப்புகள்

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கையில் இருக்கும் போனை வைத்தே இவற்றைச் செய்யலாம்.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். பாக்கெட்டில் இருந்த போனில் விரல் ரேகை படிந்திருக்கும். பாதிப் படங்கள் மங்கலாக வர அதுதான் காரணம்.

மஞ்சளும் வெள்ளையும் வெயிலில் வெளுத்துப்போகும். திரையில் பூவைத் தொட்டால் பக்கத்தில் சூரியன் போன்ற ஒரு குறி வரும். அதைச் சற்றுக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். இதழின் மடிப்புகள் தெரிய ஆரம்பிக்கும். கோழிக்கொண்டையின் அடர்சிவப்புக்கும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் சிவப்புச் சாயம் கொட்டியது போல வரும்.

நின்றபடி கீழே பார்த்து எடுக்காதீர்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்குப் பக்கத்தில் வந்துவிடும். செடியின் உயரத்திலிருந்து பார்க்கும்போது சின்னத் தோட்டமும் பெரிதாகத் தெரியும். பார்களின் நீண்ட கோடுகளைப் படத்தின் மூலையிலிருந்து தொடங்கும்படி வைத்தால் கண் தானாக உள்ளே போகும்.

வயலுக்குள் இறங்காமலே எடுக்கலாம். வரப்பில் நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். பூக்கள் நெருக்கமாக அடுக்கியது போல வரும். செடிக்கு நடுவில் நின்றது போன்ற தோற்றம் இதிலேயே கிடைத்துவிடும்.

காலை ஒன்பது மணிக்கு மேல் காற்றும் வெயிலும் ஏறிவிடும். அப்போது மேகம் மறைக்கும் நிமிடத்துக்குக் காத்திருந்து நெருக்கப் படங்கள் எடுக்கலாம். பூ ஆடினால் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்து நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பூவை முகர்ந்து பார்க்கும் 'போஸ்' வேண்டவே வேண்டாம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. வணிகப் பூந்தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பது வழக்கம். நேற்று அடித்தார்களா, இன்று அடித்தார்களா என்று நமக்குத் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பின்னால் நகர்ந்து செல்ஃபி எடுப்பது. தருமபுரி தோட்டங்களில் கைப்பிடிச் சுவர் இல்லாத ஆழக் கிணறுகள் உண்டு. புதர் மறைத்திருக்கும். அறிமுகமில்லாத தோட்டத்தில் ஒரு அடி எடுத்து வைக்கும் முன்பு திரும்பிப் பாருங்கள். காலடியில் சொட்டுநீர்க் குழாய் ஓடும், அதை மிதித்து நசுக்கிவிடாதீர்கள்.

படம் எடுத்தவரிடம் வாட்ஸ்அப் எண் கேட்டு அந்தப் படத்தை அனுப்பி வையுங்கள். வருடம் முழுக்கப் பூ பறித்தும், பூவோடு நிற்கும் ஒரு நல்ல படம் இல்லாத பெண்கள் நிறையப் பேர். இணையத்தில் போடுவதாக இருந்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். தோட்டத்தின் துல்லியமான வரைபடப் புள்ளியைப் போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வரப்பில் இருபது கார் நிற்கும்.

தருமபுரியில் தோட்டம் போட்ட கலெக்டர்

பூவுக்காக வருகிறவர்கள் தருமபுரியின் பழைய தோட்டக்காரர் ஒருவரையும் தெரிந்துகொள்ளலாம். பிற்காலத்தில் சென்னை மாகாண கவர்னரான சர் தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை அன்றைய பாராமகால் பகுதியில் வருவாய்த்துறைப் பணியில் இருந்தார். தருமபுரியில் தங்கி இங்கே ஒரு தோட்டமும் போட்டார். அந்தத் தோட்டத்தின் மேல் அவருக்கிருந்த பிரியம் அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களில் தெரிகிறது. 1799-ல் கன்னடக் கரைக்கு மாற்றலாகிப் போனார். சென்னை தீவுத்திடல் அருகே குதிரை மேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் சிலையைப் பார்க்கும்போது, தருமபுரி வெயிலில் செடிக்குத் தண்ணீர் போகிறதா என்று கவலைப்பட்ட மனிதர் நினைவுக்கு வருவதில்லை. வரி வசூலிக்க வந்தவரையும் மண் பிடித்து வைத்துக்கொண்டது.

போகும் முன்...

எப்படிப் போவது: தருமபுரி சேலம் – பெங்களூரு ரயில் பாதையிலும், தேசிய நெடுஞ்சாலை 44-லும் இருக்கிறது. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூருவிலிருந்து அடிக்கடி பேருந்துகள் உண்டு.

எப்போது போவது: மாம்பூவுக்குத் தை, மாசி. மல்லிக்குப் பங்குனி முதல் வைகாசி வரை. சாமந்திக்கு ஐப்பசி முதல் தை வரை. செண்டுமல்லி எப்போதும்.

ஒரு நாள் திட்டம்: முதல் நாள் இரவே தருமபுரியில் தங்குங்கள். விடியும் முன் மல்லித் தோட்டம், ஏழு மணிக்குப் பூ மார்க்கெட். டிபன் முடித்து, சுப்பிரமணிய சிவா 1925-ல் மறைந்த பாப்பாரப்பட்டியில் அவருடைய நினைவிடம். அங்கிருந்து பென்னாகரம் வழியாக மதியம் ஒகேனக்கல். வழி நெடுகப் பூ வயல்கள் கண்ணில் படும்.

எடுத்துச் செல்ல: தண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு அல்லது ஷூ, போனுக்குப் பவர் பேங்க், பூ வாங்கிவர ஒரு துணிப்பை. ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலையில் வாங்கிய மல்லி மொட்டு, நீங்கள் வீடு திரும்பும் மாலையில் சரியாக மலரும்.